பூக்கிற மாதம் போனால் ஓராண்டு போச்சு: கலிஃபோர்னியாவில் தீத்தடுப்பு வேலையும் சீக்வா சட்டமும்

கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு பெரிய காட்டுத்தீக்குப் பிறகும் ஒரே புகார் எழும்: "புதரை வெட்டலாம் என்றால் சுற்றுச்சூழல் சட்டம் விடமாட்டேன் என்கிறது." 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ், ஈட்டன் தீ கிளம்பிய வாரத்திலும் இதே பேச்சுதான். புகாரில் பாதி உண்மை. மீதிப் பாதி, வேலைக்குப் பொருந்தாத பாதையைப் பிடித்ததாலும், சரியான பாதையைத் தவறான மாதத்தில் பிடித்ததாலும் வருவது. ஆவணம் எழுதப் போகிற நாட்களைவிட, செடிகளைக் கணக்கெடுக்க வேண்டிய வசந்தத்தைக் கோட்டைவிட்டதால் போகிற நாட்கள்தான் பெரும்பாலும் அதிகம்.

சட்டத்தின் பெயர் கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டம். 1970இல், ரொனால்ட் ரேகன் ஆளுநராக இருந்தபோது வந்தது. எல்லோர் வாயிலும் அது "சீக்வா". ஓர் அரசு அமைப்பு தன் விருப்புரிமையைப் பயன்படுத்திப் பணம் தந்தாலோ, அனுமதி தந்தாலோ, தானே வேலையில் இறங்கினாலோ சீக்வா விழித்துக்கொள்ளும்; முதலில் சூழல் பாதிப்பை ஆய்வு செய் என்று சொல்லும். வீட்டுக்காரர் தன் மனையில் 100 அடிக்குள் காய்ந்த புல்லை வெட்டினால் அதற்கும் சீக்வாவுக்கும் சம்பந்தமில்லை. அந்த வெட்டைச் செய்யச் சொல்வதே இன்னொரு மாநிலச் சட்டம். அதே புல் அரசு மானியத்தில் மலைமுகடு நெடுக வெட்டப்பட்டால், அது "திட்டம்". மானிய விண்ணப்பம் எழுதும் பலருக்கு இந்தக் கோடு புரிவதில்லை. பணம் கைக்கு வந்தபிறகு சீக்வாவைப் பற்றி யோசித்தால், மானியக் காலத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடும்.

அடுத்து, பொறுப்பேற்று முடிவெடுக்கும் அமைப்பு எது என்ற கேள்வி. சீக்வாவில் இதை முன்னணி அமைப்பு என்பார்கள். தன்னார்வ அமைப்புகள், ஊர்த் தீப் பாதுகாப்புக் குழுக்கள் இந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. அது அரசு அமைப்பாகவே இருக்க வேண்டும். வளப் பாதுகாப்பு மாவட்டம், தீயணைப்பு மாவட்டம், கவுன்ட்டி என்ற உள்ளாட்சி, அல்லது மாநில வனத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர். எழுத்து மூலமாக இது முடிவாகாமல் ஆய்வாளரை அமர்த்துவது, பந்தக்கால் நட்டபிறகு பெண் பார்க்கப் போவது மாதிரி.

இனி பாதைகள். மிகச் சிறியது வகைவாரி விலக்கு, அதாவது சில வகை வேலைகளுக்குச் சீக்வா ஆய்வே வேண்டாம் என்பது. தீத்தடுப்பில் அடிக்கடி கைகொடுப்பது 4ஆம் வகுப்பு, அதாவது வழிகாட்டு விதி 15304. கட்டடத்திலிருந்து 30 அடிக்குள் எரியக்கூடிய செடிகொடிகளைக் குறைப்பதை இது அனுமதிக்கிறது. தீயாபத்து கூடுதல் என்று கருதித் தீயணைப்புப் பொறுப்புள்ள அமைப்பு 100 அடி வேண்டும் என்று தீர்மானித்திருந்தால் 100 அடி வரை. இரண்டு நிபந்தனைகள்: அரிய, அழியும் நிலையிலுள்ள உயிரினத்துக்குச் சேதம் கூடாது; நீர்நிலையில் வண்டல் சேரும் அளவுக்கு மண்ணரிப்பு கூடாது. இதைத் தாண்டி மலைமுகட்டில் 300 அடி அகலப் பட்டை வெட்டிவிட்டு அதே விதியைக் காட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொரு தவறு கொஞ்சம் நுட்பமானது. "விலக்கில் வரும், ஆனால் தவளைக்குப் பாதிப்பு வராமல் இன்னின்ன தணிப்பு நடவடிக்கை எடுப்போம்" என்று எழுதினால், பாதிப்பு உண்டு என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்தாயிற்று. தணிப்பைக் காட்டி விலக்குக்குள் நுழைய முடியாது என்று 2004இல் மரின் கவுன்ட்டி வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓடையிலிருந்து தள்ளியே வேலை எல்லையைப் போடுவது திட்ட வடிவமைப்பு. ஓடைக்குள் வேலை செய்துவிட்டு வலை கட்டுவது தணிப்பு. முதலாவதற்கு விலக்கில் இடமுண்டு, இரண்டாவதற்கு இல்லை.

300 ஏக்கரை முப்பது முப்பதாக அறுத்துப் பத்து விலக்குகள் வாங்குவதும் கூடாது. துண்டாடல் என்று வழக்கு வந்தால் பத்தும் சேர்ந்து விழும். விலக்கு முடிவானதும் அதற்கான அறிவிப்பைக் கவுன்ட்டி கிளார்க்கிடம் பதிந்துவிடுவது நல்லது. பதிவது கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிந்தால் வழக்குத் தொடுக்க 35 நாள். பதியாவிட்டால் 180 நாள். ஒரு பக்கத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு சட்டத்தில் வேறெங்கும் கிடைக்காது.

விலக்கில் அடங்காவிட்டால் தொடக்க ஆய்வு. அதிலிருந்து "பாதிப்பில்லை" என்ற பிரகடனம், தணிப்புடன் கூடிய பிரகடனம், அல்லது முழுச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை. பிரகடனத்துக்கு மக்கள் கருத்துக்காக 20 நாள், ஆவணத்தை மாநில அமைப்புகளுக்குச் சுற்றுக்கு விடும் மாநில கிளியரிங்ஹவுஸ் வழியாகப் போனால் 30 நாள். வரைவு அறிக்கை அவ்வழியே போனால் பொதுவாக 45 நாள். ஒப்புதலுக்குப் பின் 5 வேலை நாளுக்குள் முடிவு அறிவிப்பைப் பதிந்தால் வழக்குக் காலம் 30 நாளில் முடியும். பிரகடனத்தின் பலவீனம் என்னவென்றால், பெரிய பாதிப்பு வரலாம் என்று நியாயமான வாதம் ஒன்றை யாராவது ஆதாரத்தோடு வைத்தாலே போதும், அது சாயும். முழு அறிக்கைக்கு நீதிமன்றம் தரும் மரியாதை வேறு. பழங்குடி ஆலோசனை 2014 சட்டத்தின்படி பிரகடனத்துக்கும் அறிக்கைக்கும் கட்டாயம்: வேலையை எடுப்பதாக முடிவெடுத்த 14 நாளுக்குள் பழங்குடிகளுக்குக் கடிதம் போக வேண்டும், பதிலுக்கு 30 நாள் உண்டு. வரைவு முடிந்தபிறகு கடிதம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இடுகாடோ அரைக்கல்லோ இருக்கும் இடத்தில்தான் மரக்கட்டை அடுக்கும் களம் வருகிறது என்று அப்போதுதான் தெரியவரும்.

நடைமுறையில் இன்று பெரும்பாலான நடுத்தர வேலைகள் போகும் பாதை கால் வி.டி.பி. என்ற மாநிலத் தாவரக் குறைப்புத் திட்டம். வன, தீப் பாதுகாப்பு வாரியம் 2019 டிசம்பர் 30 அன்று இதற்கான ஒட்டுமொத்தத் தாக்க அறிக்கையை ஏற்றது. தீயணைப்பு மாநிலத்தின் பொறுப்பில் இருக்கும் 3.1 கோடி ஏக்கரில் சுமார் 2.03 கோடி ஏக்கரை "வேலை செய்யத் தகுந்த நிலம்" என்று வரைபடத்தில் குறித்தது. ஆண்டுக்கு 2,50,000 ஏக்கர் இலக்கு. பெரிய ஆய்வு ஒருமுறை நடந்துவிட்டதால், ஒவ்வொரு வேலைக்கும் திட்டவாரி ஆய்வு என்ற சரிபார்ப்புப் படிவத்தை நிரப்பினால் போதும். ஆயினும் படிவம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. நூறு பக்கத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

படிவம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பாதிப்பு பெரிய அறிக்கை அலசிய எல்லைக்குள் அடங்குகிறதா? வேலை மூன்று வகையில் ஒன்றாக இருக்க வேண்டும்: குடியிருப்பும் காடும் சேரும் இடத்தில் எரிபொருளைக் குறைத்தல், தீத்தடுப்புப் பட்டை, சூழல் மீட்பு. செய்முறை ஐந்தில் அடங்க வேண்டும்: கட்டுப்படுத்திய எரிப்பு, இயந்திரம், கைவெட்டு, மேய்ச்சல், களைக்கொல்லி. களைக்கொல்லி தரையிலிருந்து மட்டும். விமானத் தெளிப்பு கிடையாது. மேய்ச்சல் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. நம்மூரில் எருவுக்காகக் கிடை போடுவார்கள், அங்கே புதரைத் தின்ன வைக்கக் கிடை போடுகிறார்கள். ஆடு அரிய செடி எது, களை எது என்று பார்த்துத் தின்னாது என்பதால், அரிய செடி உள்ள இடத்துக்கு மின்வேலி முதலிலேயே போட வேண்டும்.

நிலத்தில் ஒரு சிறு பிசகு வரைபடத்தில் பெரிதாகத் தெரியும். குறித்த நிலத்துக்கு வெளியே இரண்டு ஏக்கர் நீட்டிக்கொண்டிருந்தால், அதற்கென்று கூடுதல் சேர்ப்பு ஆவணம் வேண்டும். லாரி வரும் வழி, இயந்திரம் நிறுத்துமிடம், கட்டை அடுக்கும் களம், எரிக்கக் குவிக்கும் இடம் எல்லாம் எல்லைக்குள் வர வேண்டும். பட்டையை மட்டும் வரைந்துவிட்டு வழியை மறந்த படிவங்கள் ஏராளம். ஒப்பந்ததாரர் பழைய ஜீப் தடத்தை அகலப்படுத்தினால் அந்த இடத்துக்கு ஆய்வே இல்லை என்று ஆகிவிடும்.

இந்தப் பாதையை எடுத்தால் நிலையான திட்ட விதிகள் கட்டுப்படுத்தும். நான்கு விதிகளையாவது களத்தில் இருப்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மீன் வாழும் ஓடைக்கு இருபுறமும் காப்பு வலயம்: சரிவு 30 சதவீதத்துக்குள் என்றால் 75 அடி, 30 முதல் 50 என்றால் 100 அடி, அதற்கு மேல் 150 அடி. மீனில்லாத, ஆனால் நீர்வாழ் உயிர்கள் உள்ள ஓடைக்கு 50, 75, 100. மழைக்கு மட்டும் ஓடும் வாய்க்காலுக்கு இயந்திரம் புகாத 25 அல்லது 50 அடி. வலயத்துக்குள் தரைமூடலில் 75 சதவீதமாவது கலையாமல் நிற்க வேண்டும். உள்ளே தீ மூட்டக் கூடாது, மேலிருந்து மெல்ல இறங்கிவரும் தீயை விடலாம். கனரக இயந்திரம் 65 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் கிடையாது. அரிப்பு அபாயம் அதிகமான மண்ணில் 50க்கு மேலேயே கிடையாது. அடுத்த 24 மணி நேரத்தில் மழைக்கு 30 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு என்று தேசிய வானிலைச் சேவை சொன்னால் இயந்திரம், ஆடு, களைக்கொல்லி மூன்றும் நிற்க வேண்டும். இந்தக் கடைசி விதியை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், சும்மா நிற்கும் இயந்திரத்தின் நாள் வாடகையை யார் தருவது என்ற சண்டை முதல் மழையன்றே தொடங்கும்.

ஷப்பரல் புதர்க்காட்டில் மட்டும் எச்சரிக்கை கூட. தென் கலிஃபோர்னியாவின் இந்தப் புதர், பைன் காடு போல அடிக்கடி சிறு தீயால் துப்புரவாகிற இனமல்ல. 30 ஆண்டுக்கும் குறைந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வெட்டினாலோ எரித்தாலோ விதைக் கையிருப்பு தீர்ந்து, அயல்நாட்டுப் புல் ஏறிவிடும். அந்தப் புல் மே மாதத்திலேயே காய்ந்து தீக்குச்சியாக நிற்கும். தீயைத் தடுக்கப் போய்ச் சீக்கிரம் பற்றும் நிலத்தை உண்டாக்கிய கதை. இதற்கு வகைமாற்றம் என்று பெயர். புதரையும் கடலோரச் சேஜ் செடியையும் இப்படி மாற்றிவிடாமல் வடிவமைக்க வேண்டும் என்பது விதி. இந்த ஒன்றை முன்வைத்துப் பெரிய அறிக்கையின் மேலேயே வழக்கு நடந்தது. விதியைக் குறை சொல்பவர்கள் இந்தப் புல்லை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

இப்போது பஞ்சாங்கத்துக்கு வருவோம். அரிய செடிக் கணக்கெடுப்பு, செடியை இன்னதென்று அடையாளம் காணக்கூடிய மாதத்தில்தான் நடக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் மார்ச் முதல் ஜூன் வரை, முன்பூ பின்பூ என்று இரண்டு மூன்று முறை. அதற்கு முன் மேசையில், வேலையிடம் விழும் வரைபடச் சதுரத்தையும் சுற்றியுள்ள எட்டுச் சதுரங்களையும் மாநில இயற்கைப் பன்மையத் தரவுத்தளத்தில் தேட வேண்டும். ஒன்பதிலும் ஒன்றும் வரவில்லை என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று பொருளல்ல. யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். மானியம் ஜூலையில் கைக்கு வந்தால் அந்த ஆண்டின் பூ போயிற்று. அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டும்.

பறவைகள் கூடு கட்டும் பருவம் பொதுவாக பிப்ரவரி 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. முழுத் தடை இல்லை. முன்கூட்டியே கூடு தேடி, கூட்டைச் சுற்றி இடைவெளி விட்டு வேலை செய்யலாம். ஆனால் அடர்ந்த புதரில் ஏக்கருக்கு ஏக்கர் கூடு தேடுவதற்கு ஆகும் உயிரியலாளர் கூலி, கைவெட்டுக் கூலியை எட்டிப்பிடிக்கும். அதனால் செப்டம்பரில் தொடங்கவே எல்லோரும் விரும்புவார்கள். செப்டம்பர், அக்டோபரில் காற்று வறண்டு, தீ பரவும் வானிலை என்று சொல்லும் சிவப்புக்கொடி எச்சரிக்கை வரும். இயந்திரத்தின் வெட்டும் இரும்புப் பல் கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியே தீ வைத்துவிடும் என்பதால் அந்த நாட்களில் இயந்திரம் ஓடாது. நவம்பரில் மழை. மழை இரவுகளில் செங்கால் தவளை தரையில் ஊர்ந்து இடம்மாறும். அது இருக்கும் பகுதியில் மறுநாள் காலையும் வேலை நிற்கும். எல்லாம் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு எட்டுப் பத்து வாரம் தேறினால் அதிர்ஷ்டம். இந்தக் கணக்கைப் போடாமல் 400 ஏக்கரை ஒரே பருவத்தில் முடிப்பதாக எழுதும் மானிய விண்ணப்பங்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

ஆய்வைத் தாண்டிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் படிக்க வேண்டிய வழக்கு டோபாங்கா. லாஸ் ஏஞ்சலஸ் நகர நீர்-மின் துறை, தீயாபத்தைக் குறைக்க மரக் கம்பங்களை எடுத்துவிட்டு எஃகுக் கம்பங்கள் நட 2019இல் டோபாங்கா மாநிலப் பூங்காவில் தடங்களை அகலப்படுத்தியது. கடலோர அனுமதி வாங்கவில்லை. பிரான்டன் மில்க்வெட்ச் என்ற செடி, 1997 முதல் கூட்டரசின் அழியும் இனப் பட்டியலில் இருப்பது, சுமார் 200 நாசமானது. விஷயம் வெளிவந்து வேலை நின்றது. 2020இல் கடலோர ஆணையத்துடன் சுமார் 19 லட்சம் டாலருக்கு உடன்பாடு. இதில் ஒரு முரண் உண்டு. அந்தச் செடியின் விதை தீக்குப் பிறகுதான் பெருவாரியாக முளைக்கும், சில ஆண்டுகள்தான் உயிரோடிருக்கும். ஆகவே மேலே ஒரு செடிகூடக் கண்ணில் படாத இடத்திலும் மண்ணுக்குள் விதை காத்திருக்கும்; மண்ணைப் புரட்டினால் அதுவும் போயிற்று. செடியை எண்ணினால் மட்டும் போதாது, மண்ணையும் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்துக்கு ஓக்லாந்து குன்றுகள். 1991 தீயில் 25 பேர் இறந்தார்கள், சுமார் 3,000 வீடுகள் எரிந்தன. அந்தக் குன்றுகளின் யூகலிப்டஸ், அதாவது நீலகிரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே தைல மரம், வெட்டுவதற்காக ஓக்லாந்து நகரமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் கிழக்கு வளைகுடாப் பூங்கா மாவட்டமும் கூட்டரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவிடம் 2005, 2006இல் விண்ணப்பித்தன. இறுதி அறிக்கை வர 2014 டிசம்பர் ஆகிவிட்டது. தைல மரத்தை அறுத்தால் அடிக்கட்டை துளிர்க்கும். அறுத்த சில நிமிடங்களிலேயே கட்டையின் விளிம்பில் களைக்கொல்லி பூசாவிட்டால் ஒரு மரம் இருந்த இடத்தில் பத்துத் தண்டு நிற்கும். எதிர்ப்பாளர்கள் பிடித்ததும் அந்தக் களைக்கொல்லியையும் மொத்த வெட்டையும்தான். 2015இல் வழக்கு, 2016இல் சமரசம். நகரமும் பல்கலைக்கழகமும் மானியத்தை இழந்தன. சிலவற்றை மட்டும் எடுப்பது, எல்லாவற்றையும் எடுப்பது என்ற இரண்டு மாற்றுகளையும் ஆரம்பத்திலேயே ஊரோடு பேசித் தனித்தனி நிலத்துண்டாகப் பிரித்து முடிவெடுத்திருந்தால் பத்தாண்டு போயிருக்காது என்பது என் எண்ணம்.

கூட்டரசு நிலம் என்றால் சட்டம் நீபா, அதாவது தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். அதில் ஏக்கர் வரம்புடன் கூடிய விலக்குகள் நாடாளுமன்றமே தந்தவை: 2018இல் தீத்தாங்குதிறன் வேலைக்கு 3,000 ஏக்கர், 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் சாலை, மின்தடம் ஓரத் தீத்தடுப்புப் பட்டைக்கு 1,000 அடி அகலம், 3,000 ஏக்கர். கூட்டரசு வனத்துறை தானாக 2003இல் போட்ட விலக்கு (வெட்டுக்கு 1,000 ஏக்கர், எரிப்புக்கு 4,500 ஏக்கர்) 2007இல் 9ஆவது சுற்று நீதிமன்றத்தில் விழுந்தது. இத்தனை பெரிய எண்ணை எந்த அடிப்படையில் தேர்ந்தார்கள், எல்லாம் சேர்ந்தால் என்ன பாதிப்பு என்பதை முறையாக அலசவில்லை என்பதே காரணம். எண்ணுக்குக் காரணம் எழுதி வைப்பது மாநிலப் பாதைக்கும் பொருந்தும் பாடம்.

2025 மார்ச் 1 அன்று ஆளுநர் நியூசம் அவசரநிலை அறிவித்து, தகுதியுள்ள தீத்தடுப்பு வேலைகளுக்குச் சீக்வாவையும் கடலோரச் சட்டத்தையும் நிறுத்திவைத்தார். 2019லும் கால் ஃபயரின் 35 முன்னுரிமை வேலைகளுக்கு, சுமார் 90,000 ஏக்கருக்கு, இதே மாதிரி ஒன்று நடந்தது. 2025 ஜூன் 30இல் கையெழுத்தான எஸ்.பி. 131 என்ற மாநிலச் சட்டம் சீக்வாவிலேயே தீத்தடுப்புக்கென்று தனி விலக்கைச் சேர்த்தது. இதன் தூரம், பரப்பு வரம்புகளைச் சட்ட வரியை வைத்துக்கொண்டு வரைபடத்தில் அளந்து பாருங்கள். செய்திக் கட்டுரையை நம்பி எல்லை போட வேண்டாம். அவசரநிலைப் பாதையிலும் மாநிலம் வெளியிட்ட சூழல் பாதுகாப்புத் திட்டத்தைப் பின்பற்றுவது நிபந்தனை. ஓடைக் காப்பு, கூடு தேடல், தொல்பொருள் எல்லாம் அதிலும் வரும். தாள் குறையும், வேலை குறையாது.

விலக்கு வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்புதான் மிக அதிகம் கெடுக்கிறது. சீக்வா போனாலும் மற்றவை நிற்கும். இயந்திரம் ஓடையைக் கடக்க வேண்டுமானால் மீன், வனவிலங்குத் துறைக்கு 1602 பிரிவின்படி அறிவிப்பு: முழுமை பார்க்க 30 நாள், வரைவு உடன்பாட்டுக்கு 60 நாள். வெட்டிய மரத்தை விற்றால் அது மரத்தொழில். வனச் சட்டப்படி உரிமம் பெற்றவர் வேண்டும். எரிப்பு 10 ஏக்கரைத் தாண்டினாலோ ஒரு டன்னுக்கு மேல் துகள் வரும் என்றாலோ, காற்றின் தரத்தைக் கவனிக்கும் அமைப்பான காற்று மாவட்டத்துக்குப் புகை மேலாண்மைத் திட்டம் தர வேண்டும். அதன்பிறகும் அன்றைய நாள் எரிப்பு நாளா இல்லையா என்பதை அன்றன்று கேட்டுத்தான் தீ வைக்க முடியும்.

வெட்டிய பட்டை மூன்று முதல் ஐந்து ஆண்டில் மறுபடி வளரும். மறுவெட்டையும் முதல் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த முறை முதலிலிருந்து. எழுதியிருந்தாலும், பழைய செடிக் கணக்கெடுப்பு செல்லுமா என்று உயிரியலாளர் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும், குறிப்பாக நடுவில் தீ போயிருந்தால்.

கடைசியாக, இத்தனை பக்கமும் இயந்திரம் ஓட்டுபவரிடம் ஒற்றைத் தாளாகப் போய்ச் சேர வேண்டும். வண்டி அறைக்குள் மாட்டும் லேமினேட் செய்த வரைபடம், எந்த நிற நாடா எதைக் குறிக்கிறது என்ற குறிப்பு, அழைக்க வேண்டிய இரண்டு எண்கள். நாடாவை மரத்தின் ஒரு பக்கம் மட்டும் கட்டினால் மறுபக்கத்திலிருந்து வரும் இயந்திரத்துக்குத் தெரியாது. சுற்றிக் கட்ட வேண்டும். மேய்ச்சல் வேலை என்றால் கண்மட்டத்துக்கு மேலே கட்டுங்கள், ஆடு நாடாவையும் தின்றுவிடும்.